கணக்கீட்டு வேதியியலில் சிக்கல் வந்தால் உதவி கேட்பது எப்படி? ஆய்வாளர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கணக்கீட்டு வேதியியலில் உதவி கேட்டு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்கின்றன. கணக்கீடு குவியவில்லை (திரும்பத் திரும்பக் கணக்கிட்டும் நிலையான விடையை எட்டவில்லை), எந்தக் கட்டளைச் சொல்லைச் சேர்த்தால் குவியும் என்பதே அந்தக் கேள்வி. இதற்கு எவ்வளவு அனுபவமுள்ளவராலும் நேர்மையான பதில் தர முடியாது. தவறாக வரைந்த மூலக்கூறு, தவறான ஸ்பின் நிலை, போதாத நினைவகம், தேர்ந்த முறையின் எல்லைக்கு அப்பாற்பட்ட எலக்ட்ரான் அமைப்பு ஆகிய நான்கும் வெளியீட்டுக் கோப்பின் கடைசி வரியில் ஒரே முகத்தைக் காட்டக்கூடும். உதவ வருபவர் தம் கணினியில் அதே பிழையை மீண்டும் உண்டாக்கிப் பார்க்க முடிந்தால்தான் அவர் சொல்வது ஊகமாக இல்லாமல் பதிலாக அமையும். கீழே உள்ள படிகள் அனைத்தும் கேள்வியை அந்த நிலைக்குக் கொண்டுவருவதற்காகவே வரிசைப்படுத்தப்பட்டுள்ளன.

விளக்கத்துக்கு ஒரே சேர்மத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆய்வாளர், பல பதிலிகள் (ஹைட்ரஜனின் இடத்தில் வந்த தொகுதிகள்) கொண்ட ஓர் இரும்பு(III) டெட்ராஃபினைல்போர்ஃபிரின் குளோரைடு அணைவுச் சேர்மத்தின் வடிவத்தையும், அது ஊக்குவிக்கும் ஒரு வினையின் ஆற்றல் தடையையும் அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டின் (டி.எஃப்.டி., எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைக் கணக்கிடும் முறை) வழியாகக் கணக்கிட முயல்கிறார். கணக்கீடு நின்றுவிடுகிறது.

படி 1: சிக்கல் எந்த அடுக்கில் இருக்கிறது என்று பிரித்தறிதல்

எந்தக் கணக்கீடும் ஐந்து அடுக்குகளில் ஏதாவது ஒன்றில் தவறலாம். இயந்திரம், உள்ளீட்டுக் கோப்பின் இலக்கணம், எண்முறைக் குவிதல், தேர்ந்த கோட்பாட்டு முறை, கிடைத்த எண்ணுக்குப் பொருள் கொள்ளும் விதம் என்பன அவை. முதல் இரண்டு அடுக்குகளின் சிக்கல்களைச் சில நிமிடங்களில் நீங்களே கண்டுபிடிக்கலாம். மூன்றாவதற்குப் பொறுமை வேண்டும். கடைசி இரண்டுக்குத்தான் உண்மையில் மற்றவரின் அறிவு தேவைப்படுகிறது. ஆனால் கேட்கப்படும் கேள்விகளோ பெரும்பாலும் முதல் மூன்று அடுக்குகளைப் பற்றியே இருக்கின்றன.

இயந்திர அடுக்கின் அடையாளம் எளிது. கணக்கீடு எந்த விளக்கமும் இல்லாமல் நடுவரியில் அறுந்து நிற்கும். வரிசை மேலாண்மை மென்பொருளின் தனிப் பதிவில் வெளியேற்றக் குறி 137 என்று இருந்தால், இயங்குதளம் அந்தப் பணியை வலிந்து கொன்றிருக்கிறது, பெரும்பாலும் நினைவகம் போதாமையால் என்று கொள்ளலாம். இங்கே பலரை வீழ்த்தும் ஒரு வேறுபாடு உண்டு. காஸியன் என்ற குவாண்டம் வேதியியல் மென்பொருளில் 'மெம்' என்று குறிப்பிடும் அளவு முழுப் பணிக்கும் உரிய மொத்த நினைவகம். அதே வகை மென்பொருளான ஓர்காவில் 'மேக்ஸ்கோர்' என்று குறிப்பிடும் அளவோ ஒவ்வொரு செயலிக் கருவுக்கும் தனித்தனியாக, மெகாபைட்டில் தரப்படுவது. ஒன்றில் பழகியவர் மற்றதற்கு மாறும்போது, 16 கருக்களுக்கு 16 மடங்கு நினைவகம் கேட்டுவிட்டு, ஏன் பணி சாகிறது என்று ஃபங்ஷனலை (டி.எஃப்.டி.யில் ஆற்றலுக்குத் தேர்ந்த தோராய வாய்பாட்டை) மாற்றிக்கொண்டிருப்பார். வட்டில் இடம் தீர்ந்துபோவதும் இதே வகைதான்.

படி 2: வெளியீட்டுக் கோப்பை மேலிருந்து படித்தல்

கடைசி வரி, பணி எங்கே விழுந்தது என்று சொல்லும்; எங்கே தடுக்கியது என்பது பெரும்பாலும் பல நூறு வரிகளுக்கு மேலே இருக்கும். எனவே கோப்பைத் தொடக்கத்திலிருந்து படியுங்கள். மென்பொருள் உங்கள் உள்ளீட்டை எப்படிப் புரிந்துகொண்டது என்பதை முதல் பக்கங்களிலேயே திருப்பி எழுதுகிறது. அணுக்களின் எண்ணிக்கை, மொத்த எலக்ட்ரான்கள், சமச்சீர் குழு, பேசிஸ் செட்டின் (ஆர்பிட்டால்களைக் கட்டும் கணிதச் சார்புகளின் தொகுப்பு) அளவு ஆகியவை நீங்கள் நினைத்தபடியே இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

காஸியன் பல 'லிங்க்' நிரல்களின் தொடராக இயங்குவதால், எந்த லிங்கில் பிழை நேர்ந்தது என்பதே பாதி நோயறிதல். எல்101 உள்ளீட்டைப் படிப்பதில் தவறு. எல்301-இல் நின்றால் மின்சுமை, ஸ்பின் அல்லது பேசிஸ் செட் பொருந்தவில்லை. எல்502 என்றால் எஸ்.சி.எஃப். சுழற்சி (எலக்ட்ரான் அமைப்பைத் திருத்தித் திருத்திக் கணக்கிடும் சுற்று) குவியவில்லை. எல்9999-இல் முடிந்த வடிவ உகப்பாக்கத்துக்கு அனுமதித்த படிகள் போதவில்லை. எல்502-க்கும் எல்9999-க்கும் உரிய மருந்துகள் முற்றிலும் வேறு. 'குவியவில்லை' என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதே கேள்விகளில் காணப்படும் மிகப் பெரிய குழப்பம் என்பது என் எண்ணம். ஒன்றில் எலக்ட்ரான்கள் அமைதிபெறவில்லை, மற்றதில் அணுக்கருக்கள் அமைதிபெறவில்லை.

திடப்பொருள் கணக்கீடுகளில் எச்சரிக்கை வரிகளைத் தாண்டிச் செல்வது இன்னும் ஆபத்தானது. வாஸ்ப் மென்பொருளில் அணுக்களின் இருப்பிடம் 'போஸ்கார்' கோப்பிலும், தனிமங்களின் போலிநிலை ஆற்றல்கள் (உள் எலக்ட்ரான்களின் விளைவுக்குப் பதிலாக வைக்கும் மாதிரிகள்) 'போட்கார்' கோப்பிலும் இருக்கும். இரண்டிலும் தனிமங்களின் வரிசை ஒன்றாக இருக்க வேண்டும். டைட்டானியம் டையாக்சைடுக்கு ஒன்றில் டைட்டானியம் முதலிலும் மற்றதில் ஆக்சிஜன் முதலிலும் இருந்துவிட்டால், மென்பொருள் ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு, போட்காரில் உள்ள வரிசையையே உண்மையென ஏற்றுக் கணக்கைத் தொடரக்கூடும். அதேபோல், எலக்ட்ரான் சுழற்சிகளின் எல்லை இயல்பாக 60 என்று வைக்கப்பட்டிருக்கும். அந்த எல்லையைத் தொட்டும் குவியாத படியிலிருந்து வாஸ்ப் அடுத்த அணுநிலைப் படிக்கு நகர்ந்துவிடும். முடிவில் வடிவம் சீரானதாக ஒரு செய்தியும் வரலாம். வழியில் எத்தனை படிகள் 60-ஐத் தொட்டன என்று பார்க்காமல் அந்தச் செய்தியை நம்பக் கூடாது.

அணுக்களின் அசைவைக் காலப்போக்கில் பின்தொடரும் மூலக்கூறு இயக்கவியலிலும் கதை இதுவே. குரோமேக்ஸ் மென்பொருளில் பிணைப்புக் கட்டுப்பாட்டு எச்சரிக்கைகள் கொட்டி அமைப்பு வெடிக்கும்போது, வெடித்த படியைப் பற்றிக் கேட்பதில் பயனில்லை. முதல் எச்சரிக்கையில் எந்த அணுக்களின் எண்கள் வந்தன, அவை தொடக்க அமைப்பில் எங்கே இருந்தன என்று காட்சி மென்பொருளில் பார்த்தால், ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரண்டு அணுக்களோ விடுபட்ட ஒரு விசைப்புல அளபுருவோ (அணுக்களுக்கிடையிலான விசையை வரையறுக்கும் எண்ணோ) அங்கே இருக்கும். காலப்படியின் அளவையும் பாருங்கள். கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பின் நீட்சி அதிர்வு ஒரு முறை முடிய ஏறத்தாழ 11 ஃபெம்டோ வினாடி ஆகிறது. அந்தப் பிணைப்புகளைக் கட்டுப்படுத்தினால் 2 ஃபெம்டோ வினாடிப் படி வழக்கமானது. கட்டுப்படுத்தாமல் அதே படியை வைத்தால் நிலைத்தன்மையை எதிர்பார்க்க முடியாது.

படி 3: மின்சுமை, ஸ்பின், வடிவம்

இந்த மூன்றையும் தாளில் கையால் சரிபார்க்க வேண்டும். நம் எடுத்துக்காட்டின் எளிய வடிவத்தில், ஃபினைல் தொகுதிகள் இல்லாத இரும்பு போர்ஃபிரின் குளோரைடை எண்ணிப் பார்ப்போம். இரும்பு 26, குளோரின் 17, இருபது கார்பன்கள் 120, பன்னிரண்டு ஹைட்ரஜன்கள் 12, நான்கு நைட்ரஜன்கள் 28. ஆக மொத்தம் 203 எலக்ட்ரான்கள். மின்சுமை பூச்சியம். எலக்ட்ரான் எண்ணிக்கை ஒற்றைப்படை என்பதால் ஸ்பின் மல்டிப்ளிசிட்டி (இணையற்ற எலக்ட்ரான்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிய எண்) இரட்டைப்படையாக, அதாவது 2, 4 அல்லது 6 ஆக இருக்க வேண்டும். இங்கே யாராவது 1 என்று எழுதினால் மென்பொருள் உடனே மறுத்து நின்றுவிடும். அது நல்ல பிழை. 2 என்று எழுதினால்தான் சிக்கல், ஏனென்றால் மென்பொருள் மறுக்காது. கணக்கு முடியவும் கூடும். ஆனால் இந்தச் சேர்மத்தின் அடிநிலை ஐந்து இணையற்ற எலக்ட்ரான்கள் கொண்ட உயர் ஸ்பின் நிலை, மல்டிப்ளிசிட்டி 6. எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் வேறொரு எலக்ட்ரான் நிலையைக் கணக்கிட்டு முடித்திருப்பீர்கள்.

கணக்கு முடிந்த பின்னும் ஸ்பின்னைச் சரிபார்க்க ஓர் எண் இருக்கிறது. மொத்த ஸ்பின் வர்க்கத்தின் எதிர்பார்ப்பு மதிப்பு, மல்டிப்ளிசிட்டி 2-க்கு 0.75, 4-க்கு 3.75, 6-க்கு 8.75 என்று வர வேண்டும். 0.75 வரவேண்டிய இடத்தில் 1.7 வந்திருந்தால், உயர் ஸ்பின் நிலைகள் அதில் கலந்திருக்கின்றன. இந்த எண்ணைக் குறிப்பிடாமல் திறந்த கூட்டு அமைப்பைப் (இணையற்ற எலக்ட்ரான்கள் கொண்ட அமைப்பு) பற்றிக் கேட்கும் கேள்விக்கு, முதல் பதிலாக இந்த எண்ணைக் கேட்டுத்தான் ஒரு மறுகேள்வி வரும்.

வடிவத்தைப் பொறுத்தவரை, உள்ளீட்டுக் கோப்பிலிருந்தே அவகாட்ரோ, வெஸ்டா போன்ற ஒரு காட்சி மென்பொருளில் திறந்து பாருங்கள். வரைந்த கோப்பிலிருந்து அல்ல. ஒரு போர் அலகு 0.529177 ஆங்ஸ்ட்ராம். அலகு மாறிப்போனால் பிணைப்புகள் ஏறத்தாழ இருமடங்கு நீண்டோ பாதியாகச் சுருங்கியோ தெரியும். படிகத் தரவுக் கோப்பிலிருந்து எடுத்த வடிவங்களில் ஹைட்ரஜன்கள் விடுபட்டிருப்பதும், ஒழுங்கற்ற தொகுதி ஒன்று இரண்டு இடங்களில் இரட்டித்து இருப்பதும் அன்றாடக் காட்சிகள்.

படி 4: பிழையைக் காட்டும் மிகச் சிறிய அமைப்பு

உதவி கேட்பதற்கான தயாரிப்பில் அதிகப் பயன் தருவதும், மிகக் குறைவாகச் செய்யப்படுவதும் இந்தப் படிதான். நூற்றுக்கு மேற்பட்ட அணுக்கள் கொண்ட முழு அணைவுச் சேர்மத்தை அனுப்பி, மூன்று நாள் ஓடி நிற்கிறது என்றால், அதை ஓட்டிப் பார்க்க எவருக்கும் நேரம் இராது. கணக்கீட்டுச் செலவு அமைப்பின் அளவோடு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை என்பதை நினைவில் கொள்ளுங்கள். வழக்கமான டி.எஃப்.டி. கணக்கு ஏறத்தாழ அளவின் மும்மடிக்கு ஏற்பவும், சி.சி.எஸ்.டி.(டி) என்ற துல்லியம் மிகுந்த முறை ஏழாம் அடுக்குக்கு ஏற்பவும் வளர்கின்றன. அளவைப் பாதியாக்கினால் முதலாவதில் எட்டில் ஒரு பங்கும், இரண்டாவதில் 128-இல் ஒரு பங்கும் நேரம் போதும்.

நம் எடுத்துக்காட்டில் முதலில் பதிலிகளை நீக்குங்கள். பிழை தொடர்கிறதா? ஃபினைல் தொகுதிகளை நீக்கி ஹைட்ரஜன் வையுங்கள். தொடர்கிறதா? பேசிஸ் செட்டைச் சிறிதாக்குங்கள். கரைப்பான் மாதிரியை அகற்றுங்கள். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் பிழை நிலைத்திருந்தால், வெட்டப்பட்டது குற்றவாளி இல்லை. ஏதோ ஒரு வெட்டில் பிழை மறைந்தால் அது தோல்வி இல்லை, அதுவே தடயம். எடுத்துக்காட்டாக, விரவல் சார்புகள் (அணுக்கருவிலிருந்து வெகுதூரம் பரவும் சார்புகள்) கொண்ட பேசிஸ் செட்டை எடுத்ததும் குவிந்துவிட்டால், பெரிய அமைப்பில் அச்சார்புகள் ஒன்றையொன்று சார்ந்துபோய் எண்முறைச் சிக்கலை உண்டாக்கியிருக்கலாம் என்ற திசை கிடைக்கிறது. இரும்பின் சூழலை மட்டும் வைத்த சிறு வடிவத்திலும் ஆற்றல் ஊசலாடினால், கேள்வி இரும்பின் டி எலக்ட்ரான்களைப் பற்றியது. பதிலிகளைப் பற்றியது அன்று.

சில நிமிடங்களில் ஓடி, அதே பிழையோடு நிற்கும் ஒரு கோப்பு கையில் இருந்தால், உலகின் எந்த மூலையில் இருப்பவரும் உதவ முடியும். இந்தச் சுருக்கலைச் செய்யும்போதே விடையும் கிடைத்துவிடுவது மிக அடிக்கடி நடப்பது.

படி 5: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுதல்

எஸ்.சி.எஃப். குவியாதபோது, ஆற்றல் எவ்வாறு மாறுகிறது என்பதை ஒரு வரைபடமாக இடுங்கள். இரண்டு மதிப்புகளுக்கிடையே மாறி மாறித் தாவினால், நிரம்பிய ஆர்பிட்டாலுக்கும் காலியான ஆர்பிட்டாலுக்கும் உள்ள இடைவெளி குறைந்து, எலக்ட்ரான்கள் ஒவ்வொரு சுழற்சியிலும் இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. இதற்கு ஆற்றல்மட்டப் பெயர்ச்சியும் (காலியான ஆர்பிட்டால்களின் ஆற்றலை உயர்த்துதல்) தணிப்பும் (ஒவ்வொரு சுழற்சியின் மாற்றத்தையும் குறைத்தல்) பொருந்தும். மெல்ல இறங்கிக்கொண்டே இருந்து சுழற்சி எல்லையைத் தொட்டிருந்தால் எல்லையை உயர்த்தினால் போதும். ஓர்காவில் அந்த இயல்பெல்லை 125. பெரிய மதிப்புகளுக்குத் தெறித்தோடினால் வடிவத்தையும் தொடக்க ஊகத்தையும் சந்தேகியுங்கள். சிறிய பேசிஸ் செட்டில் குவித்த ஆர்பிட்டால்களையோ, எலக்ட்ரானைச் சேர்த்தோ நீக்கியோ பெற்ற மூடிய கூட்டு அயனியின் ஆர்பிட்டால்களையோ தொடக்கமாகத் தருவது இடைநிலை உலோகங்களில் நெடுங்காலமாகப் பலன் தரும் வழி.

குவிதலின் அளவுகோலைத் தளர்த்துவதை மட்டும் செய்யாதீர்கள். குவியாத அலைச்சார்பைக் கொண்டு கணக்கிட்ட விசைகளும் அதிர்வெண்களும் பொருளற்றவை. குவிந்த பிறகும், அந்தத் தீர்வு உண்மையிலேயே தாழ்நிலைதானா என்று அலைச்சார்பின் நிலைத்தன்மைச் சோதனை ஒன்றை ஓட்ட வேண்டும். வலிந்து குவித்த தீர்வுகள் அடிக்கடி உயர்ந்த நிலை ஒன்றில் மாட்டிக்கொள்கின்றன.

ஒவ்வொரு முயற்சிக்கும் தனிக் கோப்புறை வைத்து, எதை மாற்றினீர்கள், என்ன ஆயிற்று என்று ஒரு வரி எழுதுங்கள். நான்கு கட்டளைச் சொற்களை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கு ஓடிவிட்டால், எது காரணம் என்று தெரியாமலே அந்த நான்கையும் அடுத்த பத்தாண்டுகளுக்குச் சுமந்து திரிவீர்கள். பல ஆய்வுக் குழுக்களின் மாதிரி உள்ளீட்டுக் கோப்புகளில் யாருக்கும் காரணம் தெரியாத கட்டளைகள் உறைந்து கிடப்பது இப்படித்தான்.

படி 6: கணக்கு ஓடுகிறது, எண் மட்டும் பொருந்தவில்லை என்றால்

இது கடினமான வகை. எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. ஆனால் கிடைத்த எண் ஆய்வகச் சோதனையோடோ, வெளியான கட்டுரையோடோ, வேறொரு மென்பொருளோடோ ஒத்துப்போகவில்லை. உதவி கேட்கும் முன் ஒப்பிடப்படும் இரண்டும் ஒரே பொருள்தானா என்று பார்க்க வேண்டும்.

மென்பொருள்களுக்கிடையிலான ஒப்பீட்டை எடுத்துக்கொள்வோம். காஸியனிலும் ஓர்காவிலும் 'பி3எல்ஒய்பி, 6-31ஜி*' என்று எழுதி ஒரே மூலக்கூறைக் கணக்கிட்டால் மொத்த ஆற்றல்கள் ஒத்துப்போகமாட்டா. முதல் காரணம், இரண்டும் அந்த ஃபங்ஷனலின் உள்ளே உள்ள எலக்ட்ரான் தொடர்புறவுப் பகுதிக்கு வெவ்வேறு வாய்பாடுகளைப் பயன்படுத்துகின்றன. ஓர்காவில் காஸியனின் வரையறை வேண்டுமென்றால் 'பி3எல்ஒய்பி/ஜி' என்று எழுத வேண்டும். இரண்டாவது, இந்த பேசிஸ் செட்டில் காஸியன் இயல்பாக ஆறு கார்ட்டீசியன் டி சார்புகளையும், ஓர்கா ஐந்து கோளச் சார்புகளையும் எடுத்துக்கொள்கின்றன. மூன்றாவது, மென்பொருளின் பதிப்பு. ஓர்கா 5-ஆம் பதிப்பிலிருந்து இத்தகைய கலப்பின ஃபங்ஷனல்களுக்கு ஒரு தோராய முறை தானாகவே இயக்கப்படுகிறது. காஸியனில் 09-இலிருந்து 16-க்கு வரும்போது எண்முறைத் தொகையிடலின் கட்டம் நுண்மையானதாக மாற்றப்பட்டது. பதிப்பெண் இல்லாத கேள்வி பாதிக் கேள்விதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இயல்பமைவுகளை ஒன்றாக்கிவிட்டால் மென்பொருள்கள் நன்றாகவே ஒத்துப்போகின்றன. 71 தனிமப் படிகங்களை 15 டி.எஃப்.டி. நிரல்களில் ஒப்பிட்டு 2016-இல் வெளியான பெரிய கூட்டாய்வு, அண்மைக்கால நிரல்களும் போலிநிலை ஆற்றல்களும் பெரும்பாலும் ஒரே விடையையே தருகின்றன என்று காட்டியது. ஆகவே பெரிய வேறுபாடு தென்பட்டால் முதலில் உங்கள் அமைவுகளையே சந்தேகியுங்கள்.

ஆய்வகச் சோதனையோடு ஒப்பிடும்போது அலகும் திட்டநிலையும் கவனத்துக்குரியவை. ஆற்றலின் அணு அலகான ஒரு ஹார்ட்ரீ என்பது மோலுக்கு 627.51 கிலோகலோரி. ஆற்றல்களைக் கழித்து அலகு மாற்றும்போது தசமப் புள்ளிக்குப் பின் மூன்று இலக்கங்களோடு நிறுத்திவிட்டால், அரை கிலோகலோரிக்கு மேல் அங்கேயே பிழை புகுந்துவிடக்கூடும். அறை வெப்பநிலையில் தடையாற்றல் 1.36 கிலோகலோரி மாறினால் வினைவேகம் பத்து மடங்கு மாறுகிறது. 3 கிலோகலோரி பிழை என்றால் வேகத்தில் ஏறத்தாழ 150 மடங்கு. மென்பொருள் இயல்பாகத் தரும் கட்டிலா ஆற்றல் ஒரு வளிமண்டல அழுத்தத்தில் உள்ள வாயுவுக்கு உரியது. கரைசலில் லிட்டருக்கு ஒரு மோல் என்ற திட்டநிலைக்கு மாற்ற, 298.15 கெல்வினில் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் 1.89 கிலோகலோரி சேர்க்க வேண்டும். இரண்டு மூலக்கூறுகள் ஒன்றாகச் சேரும் வினையில் இந்தத் திருத்தம் விட்டுப்போனால், எந்த ஃபங்ஷனலை மாற்றினாலும் அந்தப் பிழை போகாது.

அதிர்வெண்களையும் பாருங்கள். ஆற்றல் சிறுமமாக உள்ள சீரான அமைப்பில் கற்பனை அதிர்வெண் ஒன்றும் இருக்கக் கூடாது. மாறுநிலை அமைப்பில் (வினைப்பாதையின் ஆற்றல் உச்சி) சரியாக ஒன்று இருக்க வேண்டும். அந்த அதிர்வு நீங்கள் எதிர்பார்க்கும் பிணைப்பு உடைதலையோ உருவாதலையோ காட்ட வேண்டும். ஒரு மெத்தில் தொகுதியின் சுழற்சியைக் காட்டும் கற்பனை அதிர்வெண்ணை மாறுநிலை என்று எடுத்துக்கொண்டு, தடை ஏன் குறைவாக இருக்கிறது என்று கேட்பது அரிதல்ல. வினைப்பாதையை இரு திசையிலும் பின்தொடர்ந்து, வினைபடுபொருளும் விளைபொருளும் உண்மையிலேயே இரு முனைகளில் வருகின்றன என்று உறுதிசெய்த பின்னரே கேள்வியை எழுதுங்கள்.

பிழை நிரலுக்குள்ளும் இருக்கலாம். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுப் பெயர்ச்சிகளைக் கணக்கிட 2014-இல் ஒரு புகழ்பெற்ற செய்முறையோடு வெளியான பைத்தான் சிறுநிரல்கள் பரவலாகப் பயன்பட்டுவந்தன. அவை கோப்புகளைப் படிக்கும் வரிசை இயங்குதளத்துக்கு ஏற்ப மாறியது. அதனால் ஒரே தரவு வெவ்வேறு கணினிகளில் வெவ்வேறு விடையைத் தந்தது. 2019-இல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு வரியில் கோப்புப் பட்டியலை வரிசைப்படுத்தினால் தீர்ந்துபோகும் பிழை அது. கேள்வியில் இயங்குதளத்தின் பெயரைக் குறிப்பிடச் சொல்வது சடங்குக்காக அன்று.

படி 7: கேள்வியை எழுதுதல்

முதலில் உங்கள் இறுதி நோக்கத்தைச் சொல்லுங்கள். பலர் தாம் தேர்ந்த வழியில் நேர்ந்த தடங்கலை மட்டுமே கேட்கிறார்கள். அந்த வழியே தேவையற்றது என்று சொல்லக்கூடியவருக்கு நோக்கம் தெரியாமல் போகிறது. பிறகு அமைப்பு, மின்சுமை, ஸ்பின், மென்பொருளும் பதிப்பும், முறை, முழு உள்ளீட்டுக் கோப்பு, வெளியீட்டின் தொடர்புடைய பகுதி, ஏற்கெனவே முயன்றவை, இறுதியாக ஒரே ஒரு கேள்வி என்று செல்லுங்கள். திரையைப் படம்பிடித்து அனுப்பாமல் எழுத்தாகவே ஒட்டுங்கள். படத்திலுள்ள ஆயத்தொலைகளை யாரும் தட்டச்சு செய்யமாட்டார்கள்.

நம் ஆய்வாளர் இப்படி எழுதலாம்:

"இரும்பு(III) போர்ஃபிரின் குளோரைடு வகை ஊக்கி ஒன்று ஊக்குவிக்கும் வினையின் ஆற்றல் தடையைக் கணக்கிட விரும்புகிறேன்; அதற்கு முதலில் அதன் ஸ்பின் நிலைகளுக்கிடையிலான ஆற்றல் வேறுபாடு தேவைப்படுகிறது. பதிலிகளற்ற சிறு வடிவத்திலேயே சிக்கல் தென்படுவதால் அதன் முழு உள்ளீட்டையும், மென்பொருளின் பெயரும் பதிப்பும் தெரியும் வெளியீட்டுப் பகுதியையும் இணைத்திருக்கிறேன். மின்சுமை 0, மொத்தம் 203 எலக்ட்ரான்கள். மல்டிப்ளிசிட்டி 6-இல் கணக்கு குவிகிறது. ஸ்பின் வர்க்க மதிப்பும் எதிர்பார்த்தபடி வருகிறது. மல்டிப்ளிசிட்டி 4-இல் ஆற்றல் இரண்டு மதிப்புகளுக்கிடையே ஊசலாடுகிறது. ஆற்றல்மட்டப் பெயர்ச்சியோடு குவித்த பின் நிலைத்தன்மைச் சோதனை தோற்கிறது. 6-இல் குவித்த ஆர்பிட்டால்களைத் தொடக்கமாகத் தந்தும் அதே நிலைக்கே திரும்புகிறது. டி ஆர்பிட்டால்களின் எந்த நிரப்பல் வரிசை இந்த நிலைக்குப் பொருந்தும், அதைத் தொடக்கத்திலேயே எப்படிக் கட்டாயப்படுத்துவது?"

இந்தக் கேள்வியைப் படிப்பவர் எதையும் திருப்பிக் கேட்க வேண்டியதில்லை. உள்ளீட்டை ஓட்டிப் பார்க்கலாம், அல்லது ஓட்டாமலேயே பதில் எழுதலாம். தலைப்பில் 'அவசரம்', 'தயவுசெய்து உதவவும்' என்பவற்றுக்கு மாறாக மென்பொருளின் பெயர், பிழையின் பெயர், சேர்மத்தின் வகை ஆகிய மூன்றும் இருக்கட்டும்.

படி 8: எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது

வாஸ்பின் போட்கார் கோப்புகள் உரிமத்துக்கு உட்பட்டவை. உரிமம் இல்லாதவரின் கையில் போகும்படி அவற்றைப் பொதுவில் இணைக்கக் கூடாது. ஒவ்வொரு தனிமத்துக்கும் அந்தக் கோப்பில் உள்ள 'டைட்டல்' வரியை மட்டும் எடுத்துத் தந்தால், எந்தப் போலிநிலை ஆற்றல் என்று படிப்பவர் அறிந்துகொள்வார். வெளியிடப்படாத மூலக்கூறுகளுக்குப் படி 4-இல் செய்த சுருக்கமே கவசமாகிறது, ஏனென்றால் பதிலிகளற்ற போர்ஃபிரினில் எவருடைய இரகசியமும் இல்லை. கூட்டு ஆய்வாக இருந்தால் நெறியாளரின் ஒப்புதலைப் பெறுங்கள். வெளியீட்டுக் கோப்பின் தலைப்பகுதியில் பயனர் பெயரும், கோப்புறைப் பாதையும், கணுக்களின் பெயர்களும் பதிந்திருக்கும். இணைக்கும் முன் அவற்றை நீக்கிவிடுங்கள்.

படி 9: யாரிடம் கேட்பது

இயந்திரச் சிக்கலை கணினித் தொகுதியின் நிர்வாகியிடமும், கட்டளைகளின் நடத்தையை மென்பொருளை எழுதியவர்களிடமும், முறைத் தேர்வை அதே வகைச் சேர்மங்களில் பணியாற்றியவரிடமும் கேட்க வேண்டும். சோதனை மதிப்பு எந்த நிலைமைகளில் அளக்கப்பட்டது என்பதை அளந்தவரிடம்தான் கேட்க வேண்டும். கணக்கீட்டாளர்கள் இதைத்தான் அதிகம் மறக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவிகள் பிழைச் செய்தியை விளக்குவதில் உதவும், ஆனால் இல்லாத கட்டளைச் சொற்களையும் மிக இயல்பாக உண்டாக்கித் தரும். அவை சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கையேட்டில் தேடிப் பார்த்த பிறகே உள்ளீட்டில் எழுதுங்கள்.

படி 10: வந்த பதிலைச் சோதித்தல்

பதில் கிடைத்ததும் அதை முழு அமைப்பில் நேரடியாக ஏற்றாமல், விடை தெரிந்த ஒரு சிறு மூலக்கூறில் முதலில் ஓட்டுங்கள். பிறகு உங்கள் சுருக்கிய வடிவத்தில், அதன் பின் படிப்படியாக மேலே. ஆற்றல்களை ஒப்பிடும் எல்லா அமைப்புகளுக்கும் அதே முறையும், அதே பேசிஸ் செட்டும், அதே தொகையிடல் கட்டமும் இருக்க வேண்டும். சிக்கல் தந்த ஓர் அமைப்புக்கு மட்டும் மாற்றிய அமைவோடு கிடைத்த ஆற்றலை மற்றவற்றிலிருந்து கழிக்கக் கூடாது. ஆற்றல்மட்டப் பெயர்ச்சி போன்ற, குவிந்த தீர்வின் ஆற்றலை மாற்றாத கருவிகள் இதற்கு விலக்கு.

இரு தரப்பும் தத்தம் விடையில் உறுதியாக நிற்கும்போது, வாதத்தைவிட நிரலைப் பரிமாறிக்கொள்வதே வழி. மிகைக்குளிர்ந்த நீருக்கு இரண்டு திரவ நிலைகள் உண்டா என்பதில், ஒரே நீர் மாதிரியைப் பயன்படுத்திய பெர்க்லி, பிரின்ஸ்டன் குழுக்கள் 2011 முதல் முரண்பட்ட முடிவுகளோடு நின்றன. மூலக்கூறுகளின் திசைவேகங்களைத் தொடங்கிவைக்கும் பகுதியில் இருந்த ஒரு தவறு, நிரல் பகிரப்பட்ட பிறகே தெரியவந்து, 2018-இல்தான் அச்சேறியது.

தீர்வு கிடைத்ததும், உதவியவருக்கு எது பலித்தது என்று எழுதித் தெரிவியுங்கள், பலிக்காவிட்டாலும் தெரிவியுங்கள். ஒரு கட்டளைச் சொல்லைச் சுட்டிக்காட்டியவருக்குக் கட்டுரையின் நன்றியுரையில் இடம் தருவது முறை. கணக்கீட்டைத் தாமே வடிவமைத்து, முடிவுக்குப் பொருளும் சொன்னவரை இணை ஆசிரியராகச் சேர்ப்பது பற்றிக் கட்டுரை எழுதத் தொடங்கும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். உள்ளீட்டுக் கோப்புகளையும், இறுதி ஆயத்தொலைகளையும், பதிப்பெண்களையும் கட்டுரையின் துணைத் தகவல் பகுதியில் எழுத்து வடிவிலேயே சேர்த்துவிடுங்கள். மல்டிப்ளிசிட்டி 4-க்குத் தொடக்கமாகத் தந்த ஆர்பிட்டால் நிரப்பலும் அந்தக் கோப்புகளில் இடம்பெறட்டும்.